பாடு நாளில் பள்ளிக்கூடம்

பசியாவரம்,
1822 ஜனவரி 14

பிரியமுள்ள ராஜாத்திக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும், துரைசானி அம்மாளும், தையல் அறையில் இருக்கிற எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எண்ணூர் தாண்டி ஏரிக்குள் வந்ததும் காற்று மாறிவிட்டது. படகுக்கார சந்தியாகு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நான் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்ற இரண்டு வார்த்தையிலேயே பயணத்தை முடித்துவிட்டேன். கரையில் எங்களை எதிர்பார்த்து நின்ற உபதேசியார் தேவதாஸ் ஐயாவிடம் அவர், “இந்தப் பொண்ணா வாத்திச்சி? வாயே இல்லியே, இன்னாத்த சொல்லிக்குடுக்கும்?” என்று கேட்டார். என் முன்னாலேயே. கெட்ட மனிதர் இல்லை. கண்டதைச் சொன்னார்.

இது நாலு பக்கமும் தண்ணீர் உள்ள ஊர். எதிர்க்கரையில் பழவேற்காடு. ஒல்லாந்துக்காரர் கொடி சுங்கச்சாவடி மேல் பறக்கிறது. இடிந்துபோன கோட்டைக்குள் ஆடு மேய்கிறது. நான் உபதேசியார் வீட்டில் தங்கியிருக்கிறேன். பக்கத்துக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். முதல் நாளே பதினொரு பெண் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், எல்லாரும் ஒரே தெரு. அவர்களை ஓட்டிக்கொண்டு வந்தவள் முனியம்மா என்கிற மீன்காரி. “சாவடில காயிதம் நீட்டுறான். இன்னா எழுதிக்கீதுனு எங்க ஆளுங்களுக்குத் தெரியாது, கைநாட்டு வெச்சிட்டு வருதுங்க. எம்பொண்ணு திரௌபதியாவது படிக்கட்டும்” என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, “சாப்புடறியா இல்லியா?” என்றாள்.

எழுந்து நின்றேன், ராஜாத்தி. ‘அ’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தொண்டைக்குள் நூல் சிக்கியதுபோல நின்றுவிட்டது. முன் வரிசையில் இருந்த அந்தத் திரௌபதி, “அக்கா, உனுக்கு ஜொரமா?” என்று கேட்டது. ஒன்பது வயசு இருக்கும்.

ஈஸ்டருக்குப் பிறகு பாதிரி ஐயா பார்க்க வருகிறார். பத்துப் பிள்ளைகளாவது எழுத்துக்கூட்டி வாசித்தால் பள்ளிக்கூடம் நிலைக்கும். இல்லாவிட்டால் மூடிவிட்டு என்னைத் திரும்பக் கூட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் எழுத்தைக் கண்ட முதல் ஆள் நான். எங்கள் ஊர் அனுப்பம்பட்டில் என் பெயரை எழுதிக் கொடுத்தபோது நைனா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவரிடம் போய் என்ன சொல்வேன்?

உன்னைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். உன் குரலுக்கு இந்த ஏரியே எழுந்து உட்காரும்.

எனக்காக ஜெபம் செய்.

உன் சிநேகிதி,
தெபோராள்


வேப்பேரி,
1822 ஜனவரி 30

வாயில்லாத வாத்திச்சிக்கு ராஜாத்தி எழுதுவது.

உன் கடிதம் நனைந்து, காய்ந்து, மீன் வாசனையோடு வந்து சேர்ந்தது. துரைசானி அம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கொடுத்தார்கள். எல்லாரும் சுகம். நீ போன பிறகு உன் பாயில் பூனை படுக்கிறது. அதற்கு உன்னைவிடக் கொஞ்சம் பேச்சு அதிகம்.

உனக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேரை நினைத்துப் பார். வேதத்தில் அந்தப் பேருக்குரியவள் சேனையோடு மலை ஏறினவள். நீ பதினொரு பிள்ளைகளைப் பார்த்து நடுங்குகிறாய். நின்றுகொண்டு சொல்ல முடியாவிட்டால் உட்கார்ந்து சொல். எல்லாருக்கும் சொல்ல முடியாவிட்டால் அந்தத் திரௌபதி ஒருத்தியைப் பார்த்துச் சொல். உனக்கு ஜுரமா என்று கேட்கிற பிள்ளை உனக்குக் கெடுதல் நினைக்காது.

இதோடு ஒரு துணி வருகிறது. உயிரும் மெய்யும் சிவப்பு நூலில் தைத்திருக்கிறேன். சுவரில் கட்டிவிட்டால் நீ பாதி பேசினால் போதும், மீதியைத் துணி பேசும். ஏன் இவ்வளவு பாடு பட்டாய் என்று கேட்காதே, சும்மா இருந்த நேரத்தில் தைத்தது.

இன்னொன்று. ‘உன்னைத்தான் அனுப்பியிருக்க வேண்டும்’ என்று இனிமேல் எழுதாதே. விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

நிறையச் சாப்பிடு.

ராஜாத்தி


பசியாவரம்,
1822 பிப்ரவரி 23

பிரியமுள்ள ராஜாத்திக்கு,

உன் துணி கொட்டகைச் சுவரில் இருக்கிறது. மூன்று நாளாக நானும் அதுவும்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

நடுவில் நன்றாகத்தான் போனது. நீ சொன்னபடி உட்கார்ந்து, திரௌபதியைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். ஐந்தாறு பேர் இரண்டெழுத்துச் சொற்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். போன செவ்வாய்க்கிழமை, பாடம் முடிந்து ஜெபம் சொல்லும்போது வாசலில் நாலைந்து தாய்மார் வந்து நின்றார்கள். அவ்வளவுதான். பாதி ஜெபத்தில் குரல் போய்விட்டது. ‘ஆமென்’கூடச் சொல்லாமல் எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டேன். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்களோ.

மறுநாள் இரண்டு பேர் வந்து, வாசலோடு ஓடிவிட்டார்கள். வியாழன், வெள்ளி, இன்று சனி, ஒருவரும் இல்லை. ஒரு பிள்ளைகூட இல்லை. உபதேசியார் ஐயாவிடம் விடுமுறை விட்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். அவர், “நல்லதும்மா, இந்த நாளுல அதான் சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒவ்வொரு காலையும் இந்த நடுக்கத்தை எடுத்துப்போடும் என்று கர்த்தரிடம் கேட்கிறேன். எடுத்துப்போடவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

இதோடு பாதிரி ஐயாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நான் இந்த வேலைக்குத் தகுதி இல்லை என்றும், எனக்குப் பதில் உன்னை அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். நீயே அவர் கையில் கொடுத்துவிடு. நீ வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். பிள்ளைகளுக்காகத்தான்.

சந்தியாகு மதியமே படகு எடுக்கிறார். அவசரமாக முடிக்கிறேன்.

தெபோராள்


வேப்பேரி,
1822 மார்ச் 4

தெபோராளுக்கு,

உன் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. என் துணிப்பெட்டியில் இருக்கிறது.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உடனே திருப்பி அனுப்பவும் இல்லை. இரண்டு நாள் அதை இடுப்பில் செருகிக்கொண்டே நடமாடினேன். ஒரு தடவை பாதிரி ஐயா வாசல் வரைக்கும் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதனால் திரும்பினேன். சாப்பிடாமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வேலை எனக்கு வேண்டும் என்று இருந்தேன், தெபோராள். உனக்குத் தெரியாதா? தெரியாமல்தான் இருந்திருக்கும். நீ மற்றவர்களைக் கூர்ந்து பார்க்கிறவள்தான், ஆனால் உன்னைப் பற்றிய பயம் வந்துவிட்டால் அப்புறம் வேறொன்றும் உன் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு உன் பேரை வாசித்த அன்றைக்கு நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டினேன். பிறகு கிணற்றடியில் போய் அழுதேன். இப்போது நீ உனக்கு வேண்டாம் என்று வழித்துப் போட்டதை என் தட்டில் வைக்கிறாய். அதை நான் எப்படிச் சாப்பிடுவேன்?

நீ இதையெல்லாம் அடக்கம் என்று நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன்னை அழைத்தவருக்கு ஆள் தெரியவில்லை, கண் தெரியவில்லை என்றுதான் தினமும் காலையில் முழங்காலில் நின்று அவரிடமே சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவர் உனக்குப் பதில் சொல்லவில்லை என்கிறாயே, நீ அவரைப் பேச விட்டாயா?

பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று யாரிடமாவது கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும்.

போய்க் கேள். கேட்ட பிறகும் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அடுத்த படகில் ஒரு வரி எழுது, அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆனாலும் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

ராஜாத்தி


பசியாவரம்,
1822 மார்ச் 12

என் பிரியமுள்ள ராஜாத்திக்கு,

கொடுக்காதே. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் உன் துணியைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் பின்பக்கம் நீ தைத்திருக்கிற மாதம் அக்டோபர். என் பேரை வாசித்தது நவம்பரில். அப்படியானால் உனக்கென்றுதான் தைத்திருக்கிறாய். சும்மா இருந்த நேரத்தில் தைத்தேன் என்று எழுதினாயே! ஒரு மாதமாகத் தினமும் அதைப் பார்த்தும் நான் திருப்பிப் பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

பிள்ளைகள் வராத காரணத்தை நான் போய்க் கேட்கவில்லை. முனியம்மாதான் வந்து கேட்டாள். உனக்குக் கடிதம் போன மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை, இடுப்பில் கூடையோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா வாத்திச்சி, ஊரே முகத்துவாரத்துல கெடக்குது, நீ இன்னா இங்க செவுத்தப் பாத்துக்கினு குந்திகினு இருந்தே?”

“பிள்ளைங்க யாரும் வரலியே…” என்றேன்.

“எப்டி வரும்? எங்க தெருவுக்குப் பாடு வந்துச்சு!”

ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வலை கட்ட இடம் இல்லை. அதனால் தெருவுக்குத் தெரு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். இந்தத் தெருவுக்கு ஓர் அமாவாசை விட்டு ஓர் அமாவாசை வரும். அந்த நாலைந்து நாள் ஆண், பெண், குழந்தை எல்லாரும் அங்கேதான். இறால் பிரிக்கவும், காய வைக்கவும் சின்னக் கைகள்தான் வேகமாம். என் பதினொரு பேரும் அங்கே இருந்திருக்கிறார்கள். உபதேசியார் ‘இந்த நாளுல அதான் சரி’ என்று சொன்னதும் இதைத்தான். நான் பாடு தெரிந்து விடுமுறை விட்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்!

இன்னும் கேள். பாடு அன்று தெருவைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் போய் நிற்க வேண்டும், போனவர்களுக்கு ஒரு கூறு இறால் எடுத்து வைப்பார்கள். எனக்கும் எடுத்து வைத்திருக்கிறார்கள், மூன்று நாளும். நான் போகவில்லை.

“உனுக்குக் கூறு வெச்சிட்டு நானு எத்தினி வாட்டி வழியப் பாத்தேன் தெரியுமா? நாத்தம் புடிக்கலபோலனு சொல்லி எங்க வூட்டாளு சிரிக்கிறாரு. எனுக்கு மானமே போச்சு” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கூடையைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் வேகவைத்துக் கருவாடாக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

அவர்கள் என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று நான் உள்ளே அழுதுகொண்டிருந்த அதே மூன்று நாளும், நான் அவர்களை வேண்டாம் என்றுவிட்டேன் என்று அவர்கள் வெளியே வருந்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

உடனே உனக்கு எழுத நினைத்தேன், படகு இல்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பிள்ளைகள் திரும்பி வந்த பிறகும் நடுக்கம் போகவில்லை. கடிதத்தைக் கொடுத்தால் கொடுக்கட்டும் என்றே இருந்தேன். நேற்றுதான் அது மாறியது.

நேற்று, கர்த்தர் கூப்பிட்டதும் வலைக்காரர் பேதுரு படகிலிருந்து இறங்கித் தண்ணீர் மேல் நடந்ததைச் சொன்னேன். அவர் காற்றைப் பார்த்துப் பயந்து மூழ்கத் தொடங்கினார் என்றதும் பதினொன்றும் கொல்லென்று சிரித்தன.

“வலக்காரன் முழுவுவானா? அவுனுக்கு நீஞ்சத் தெரியாதா?” என்றது ஒன்று. “ஐய, எங்க நைனா கேட்டா அவன மண்டாடினுகூட ஒத்துக்கமாட்டாரு” என்றது இன்னொன்று. மண்டாடி என்றால் மீன்படகை நடத்துகிறவனாம். வேப்பேரியில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. வழக்கம்போல் என் காது சூடாகிவிட்டது.

திரௌபதிதான் சொன்னாள். “சிரிக்காதீங்கடி. நீஞ்சத் தெரிஞ்சவனுக்குத்தான் காத்து எம்மாம் கெட்டதுனு தெரியும். எங்க மாமா தெனமும் கடலுக்குப் போறவரு, அவரே கச்சான் காத்து அடிச்சா மூஞ்சி வெளுத்துடுவாரு. பயப்புடாதவன் கரையில குந்திகினு இருக்கறவன்தான்.” பிறகு என்னைப் பார்த்து, “அப்பால இன்னா ஆச்சு அக்கா? அவுரு பயத்தப் போக்குனாரா, கையப் புடிச்சாரா?” என்று கேட்டாள்.

கர்த்தர் கையைப் பிடித்தார் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது, ராஜாத்தி. எத்தனை வருஷமாக இதைக் கேட்டிருக்கிறேன். அங்கே காற்று நிற்பதற்கு முன்பே கையைப் பிடித்துவிடுகிறார். பயத்தோடு இருந்தவனைப் பயத்தோடேயே பிடிக்கிறார். நான் இத்தனை நாளும் முதலில் காற்றை நிறுத்தும், அப்புறம் இறங்குகிறேன் என்று படகிலேயே உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

இன்று காலை நடுக்கத்தை எடும் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொள்ளும் என்று மட்டும் கேட்டேன். நடுக்கம் வந்தது. பாடமும் நடந்தது.

கருவாடு கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். துரைசானி அம்மாள் மூக்குக்கு எட்டாத இடத்தில் வை.

தெபோராள்


பசியாவரம்,
1822 ஏப்ரல் 24

பிரியமுள்ள ராஜாத்திக்கு,

பாதிரி ஐயா வந்து போய்விட்டார். இந்நேரம் உன்னையும் கூப்பிட்டுப் பேசியிருப்பார். ஆனாலும் என் வாயால் கேட்டால்தான் உனக்குத் திருப்தி.

பதினாறாம் தேதி வருவதாக இருந்தார். எதிர்க்காற்றில் தாமதமாகி, இருபதாம் தேதி சனிக்கிழமை வந்து இறங்கினார். மறுநாள் அமாவாசை. புரிகிறதா? எங்கள் தெருவுக்குப் பாடு! கொட்டகையில் ஈகூட இல்லை. உபதேசியார் ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பாதிரி ஐயா காலிப் பாய்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஐயா, இன்றைக்குப் பள்ளிக்கூடம் இங்கே இல்லை. தயவுசெய்து படகில் ஏறுங்கள்” என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் முழுதாக வந்தது. உன் துணியைச் சுவரிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

முகத்துவாரத்தில் ஊரே மணலில் இருந்தது. வலை காயப்போடுகிற கழி இரண்டுக்கு நடுவில் உன் துணியைக் கட்டினேன். சிவப்பு எழுத்துகள் கடற்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. பிள்ளைகள் இறால் குவியலைச் சுற்றி உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கினார்கள். பாதிரி ஐயா பார்த்துப் பார்த்துக் கால் வைத்தும் முனியம்மா விடவில்லை. “தொரை, காலத் தூக்கு, எறா மேல நிக்கறே!” என்று ஒரு சத்தம். அவர் துள்ளி நகர்ந்தார். அதில் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

அவர் கைத்தடியால் ஈர மணலில் ஒரு சொல் எழுதுவார், ஒரு பிள்ளை வாசிக்கும், அலை வந்து அழித்துவிடும். அடுத்த சொல். ‘தண்ணீர்’, ‘படகு’, ‘அப்பம்’. கடைசியில் திரௌபதிக்கு ‘கிருபை’ என்று எழுதினார். அவள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “சின்னதா எழுதிக்கீறீங்கோ, பெருசா எழுதணும்” என்று குறை சொன்னாள். பதினொன்றில் பத்துப் பேர் தட்டாமல் வாசித்தார்கள். கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயசுதான், அது இறாலைத் தின்றுகொண்டிருந்தது.

முடிவில் ஜெபம் செய்யச் சொன்னார். அத்தனை பேர் முன்னால், வலைக்காரர்கள், கூடைக்காரிகள், பாதிரி ஐயா எல்லார் முன்னாலும். செய்தேன். இந்தத் தடவை ஆமென் சொன்னேன். பிள்ளைகளும் சொன்னார்கள். கூட்டத்தில் யாரோ ஒருவர் நாமும் சொல்ல வேண்டுமோ என்று பக்கத்தில் கேட்டது காதில் விழுந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்தபடி ஒரு குப்பம் இருக்கிறது. அங்கிருந்து வந்திருந்த பெண்கள் எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று பாதிரி ஐயாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் என்னிடம், “இரண்டையும் நீ பார்த்துக்கொள்வாயா?” என்று கேட்டார். முடியாது ஐயா என்றேன். முன்பெல்லாம் அந்த வார்த்தையைப் பயத்தில் சொல்வேன். இந்தத் தடவை நடுவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“ராஜாத்தி வேண்டும்” என்றேன்.

“அவளுக்கு வாய் அதிகமாயிற்றே” என்றார்.

“அங்கே கடல் சத்தம் அதிகம், ஐயா. அவள் வாய்தான் அங்கே கேட்கும்.”

அவர் கழிகளுக்கு நடுவில் படபடக்கிற துணியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, இந்த எழுத்துத்துணி யார் வேலை என்று கேட்டார். சொன்னேன். எந்த மாதத்தில் தைத்தது என்பதையும் சொன்னேன்.

இது நான் வழித்துப் போட்டது இல்லை, ராஜாத்தி. என் தட்டில் சோறு இருக்கிறது. உனக்குத் தனி இலை போட்டு வைத்திருக்கிறேன். வா.

உன்
தெபோராள்


எண்ணூர், படகுத்துறை,
1822 மே 9

அடி தெபோராள்,

இந்தக் கடிதத்தை யாரும் உனக்குக் கொண்டுவரப் போவதில்லை. நானேதான் கொண்டுவருகிறேன். காற்று திரும்பட்டும் என்று சந்தியாகு துறையில் உட்காரவைத்திருக்கிறார். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் எழுதுகிறேன்.

ஏன் தெரியுமா? நீ சிரிக்க மாட்டாய் என்று நம்பிச் சொல்கிறேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். கால்வாயில் வந்தபோதே கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன். இப்போது ஏரியைப் பார்க்கிறேன், அக்கரையே காணோம். நேற்றிலிருந்து இன்னும் என்னென்னவோ தோன்றுகிறது. அந்தக் குப்பத்துப் பெண்களுக்கு என் பேச்சு பிடிக்காவிட்டால்? அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தால்? அடுத்தவளுக்குப் புத்தி சொன்ன வாய் இது. இப்போது உமிழ்நீர் இல்லாமல் காய்ந்து கிடக்கிறது. சந்தியாகு இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, போன தபா ஏத்திகினு போன பொண்ணுக்கு நீ அக்காவா? அதே மாதிரி குந்திகினு கீறே” என்றார்.

உன் கடிதம், பாதிரி ஐயாவுக்கு நீ எழுதினது, இன்னும் பிரிக்காமல் என் பெட்டியில் இருக்கிறது. முனியம்மா வீட்டில் இறால் வேகிற அடுப்பு இருக்குமே, அதில் இருவருமாகப் போடலாம். பெட்டிக்குள் இன்னொரு எழுத்துத்துணியும் இருக்கிறது, இது நீல நூல். ஓரத்தில் மாதத்தை இந்தத் தடவை முன்பக்கமே தைத்துவிட்டேன்.

காற்று திரும்பிவிட்டதாம், கூப்பிடுகிறார். நீ கேட்டதையே நானும் கேட்டுக்கொண்டு ஏறுகிறேன்.

துறையில் வந்து நில். முதலில் என் கையைப் பிடித்து இறக்கு, பிறகு பேசலாம்.

ராஜாத்தி